பால்கனியில் ஓர் அறை

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, அது பால்கனி இல்லை. என் அறை. வரைபடத்தில் மட்டும்தான் பால்கனி.

கணக்கெடுக்க வந்த மாநகராட்சிப் பெண்ணிடம் அம்மாவும் இதையேதான் சொன்னாள், அவள் பாணியில். "பால்கனியா? அது போயி பதினஞ்சு வருஷமாச்சும்மா. இப்ப அதுல எம் பொண்ணு இருக்கா." யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது கேட்க.

கட்டடத்துக்கு வயதாகிவிட்டதாம். புதிய குழாய்கள், புதிய லிஃப்ட், வெளிப்பூச்சு எல்லாம் வரப்போகின்றன. அதற்கு முன்னால் பால்கனியை அடைத்துக் கட்டியவர்கள் பிரித்துவிட வேண்டும். பதினான்கு மாடியிலும் அடைக்காதவர் ஒருவர் இல்லை. சிலர் கண்ணாடி, சிலர் தகரம். மூன்றாம் மாடிக்காரர் எங்கிருந்தோ பழைய கதவுகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்.

எங்களுடையது கண்ணாடியும் பிளைவுட்டும். உள்ளே கட்டில், மேசை, மூன்று இரும்பு அலமாரி, நான். படுத்தபடியே இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். சலவை இயந்திரக் கையேடுகளை அங்கே உட்கார்ந்துதான் மொழிபெயர்க்கிறேன். சோறு போடுவது அது. சோறு போடாததை எழுதுவதும் அங்கேதான்.

மார்ச் 5

அப்பா: "பிரிச்சா நல்லா காத்து வரும்."



மார்ச் 9, ஞாயிறு

ஹால் தம்பியுடையது, டிவியும்தான். படுக்கையறை அம்மா அப்பாவுடையது. தையல் மெஷின் போக மீதி இடத்தில் படுக்கிறார்கள். எனக்கு மிஞ்சுவது சமையல் மேடை.

ஹாலில் ஒரு மூலை தருவாயா என்று தம்பியிடம் கேட்டேன்.

"தாராளமா. மேட்ச் நடக்கறப்ப பேசக் கூடாது."

"நான் பேசறதே இல்லையே."

"மூஞ்சிய இப்படி வெச்சுக்கவும் கூடாது."

தனிமை ஒரு மனநிலை என்று கல்லூரியில் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். பொய். தனிமை என்பது ஒரு கதவு. தாழ்ப்பாள் இருந்தால் உத்தமம்.

மார்ச் 16, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். மாநகராட்சி இன்ஜினியர் கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். கான்கிரீட்டைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். நல்ல தளம் டொக் என்கிறது. உள்ளே பொரிந்துபோனது டொப் என்கிறது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டொக் சார்.

எல்லா அடைப்பையும் எடுத்துவிட வேண்டும் என்றார். ஆளாளுக்குக் கத்தினார்கள். பத்தாம் மாடி அக்கா, எங்களுக்கு நேர் மேல் வீடு, என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "படிச்ச பொண்ணு மரம் மாதிரி நிக்கறியே, பேசுடி!"

பேசினேன். "எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருக்காது சார். ஒவ்வொண்ணாத் தட்டிப் பாருங்க. தாங்கறது இருக்கட்டும். தாங்காதத மட்டும் எடுங்க."

கைதட்டல். என் வாழ்க்கையில் முதல்முறை. டொக் சார் தாடையைச் சொறிந்தார். "மேல பேசிப் பாக்கறேன்."

மார்ச் 25

மேலே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். லிஃப்டில் எனக்கு வழிவிடுகிறார்கள். தம்பி என்னைத் 'தலைவி' என்று கூப்பிடுகிறான். இலக்கியத்தில் தலைவிக்கு வேறு வேலை, காத்திருப்பது. அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

சாரம் கட்டிப் பச்சை வலை போட்டாகிவிட்டது. மேசை, தலையணை, என் கை, எல்லாம் பச்சை. என் ஜன்னலுக்கு வெளியே பூச்சுக்காரர் ஒருவர் நடந்து போனார். ஒன்பதாம் மாடி. "மணி என்னாச்சுக்கா?" என்றார். சொன்னேன்.

ஏப்ரல் 9

இன்று எங்கள் முறை.

டொப்.

ஓரடி தள்ளித் தட்டினார். டொப்.

அலமாரிகளை நகர்த்தச் சொன்னார். சுவரை ஒட்டி நீளமாக ஒரு விரிசல்.

"இதுல என்னம்மா வெச்சிருந்தீங்க?"

"புத்தகம்."

"மூணு அலமாரியுமா?"

"ஆமா சார்."

"எல்லாம் படிச்சாச்சா?"

"ம்" என்றேன். கட்டட ஆய்வில் அந்த உண்மை தேவையில்லை.

"துணி காயப்போடற இடம்மா இது. மேல் வீட்டுல தண்ணி டிரம்மு இருக்கு, அதுகூட நிக்குது. உங்களுது..." சுத்தியலைப் பைக்குள் போட்டார். அவருக்கே சங்கடம். "நீங்கதானேம்மா தட்டிப் பாக்கச் சொன்னது?"

ஆமாம். நான்தான்.

ஏப்ரல் 12

மொத்தக் கட்டடத்திலும் தாங்காதவை இரண்டு. ஒன்று பன்னிரண்டாம் மாடியில், மீன் தொட்டி. மற்றது இலக்கியம்.

பத்தாம் மாடி அக்கா வந்தார். தன் அறை பிழைத்ததற்கு இனிப்பு கொடுத்தார். என் அறை போனதற்கு அழுதார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்.

ஏப்ரல் 19, சனி

பிரித்துவிட்டார்கள். புத்தகங்கள் மாடிக்கு ஒரு பெட்டியாகப் பல வீடுகளுக்குப் போயின. பாரத்தைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது டொக் சார் யோசனை.

நான் நல்லாத்தான் இருந்தேன். கல்லு மாதிரி நின்னேன். கட்டில தூக்கறப்ப தம்பி, "பாத்துண்ணே, பாத்து, அவ கட்டிலு"ன்னு ஆள்கிட்ட சொன்னான் பாரு — அப்பத்தான். எதுக்குடா அப்படிச் சொன்ன? மேட்ச் பாக்கப் போக வேண்டியதுதானே?

மே 3, சனி

ஹால். மேட்ச். 'இயந்திரத்தின் கதவு சரியாக மூடாவிட்டால்' என்ற வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் யாரோ அவுட்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாங்க ஹாலுக்கு வந்துடறோம். நீ பெட்ரூம எடுத்துக்க." அப்பாவுக்கு முதுகு. கட்டில் இல்லாமல் முடியாது. அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"வேண்டாம்மா. நான் வெளிய ரூம் பாக்கறேன்."

"வெளியன்னா?"

"வாடகைக்கு."

"அப்பா அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, கல்யாணம் ஆகாத பொண்ணுக்குத் தனி ரூமா? கேக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"டொப்புன்னு சொல்லுவாங்க."

அம்மா சிரிக்கவில்லை.

மே 11

அம்மா இன்னும் பேசவில்லை. தட்டு வைக்கிறாள். கொஞ்சம் சத்தமாக.

மே 14

எதிர்த்தெருவில் ஒரு மொட்டைமாடி அறை. வீட்டுக்கார அம்மாள் கேட்டார்.

"உங்க வீடு எங்க?"

"அதோ."

"இங்கேருந்தே தெரியுது! அப்புறம் எதுக்கு ரூமு? சண்டையா?"

"இல்லங்க. பால்கனியப் பிரிச்சுட்டாங்க."

"பால்கனியப் பிரிச்சா வீட்ட விட்டு வந்துடுவாங்களா?"

விளக்கினேன். பாதியிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். பயந்திருக்கலாம்.

மே 30

தளம் புதிதாகப் போட்டுக் கம்பியும் வைத்துவிட்டார்கள். அப்பா நாற்காலியோடு அங்கே குடியேறிவிட்டார். காற்று நன்றாகத்தான் வருகிறது.

கிளம்பும்போது அம்மா வாய் திறந்தாள். "பக்கெட் எடுத்துக்கிட்டியா?"

ஜூன் 1, ஞாயிறு

கதவு. தாழ்ப்பாள். கை நீட்டினால் எட்டாத சுவர்கள். காலையிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை.

சாயங்காலம் ஜன்னலில் எங்கள் கட்டடம், புதுப்பூச்சில். கண்ணாடி, தகரம், கதவு என்று மேலே போகும் வரிசையில் ஒன்பதாவதும் பன்னிரண்டாவதும் மட்டும் பல் விழுந்த மாதிரி. ஒன்பதாவதில் அம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். கையில் துணிகூட இல்லை. அவள் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. எங்கே நிற்பாள்? அங்கே நான் இருந்தேன்.

போன் அடித்தது.

"உன் ஜன்னல் எதுடி?"

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல."

"எல்லா வீட்டுலயும்தான் தொட்டி இருக்கு. லைட்டப் போடு, பாப்போம்."

எழுந்து போய் லைட்டைப் போட்டேன்.