டைரியில் இருந்த கறை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அரை நாளாவது இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள். நான் சௌக்கியம்.

போர்க்கால ஆவணங்களை வைத்திருக்கும் எங்கள் ஆபீசில் போன வாரம் ஒரு கூத்து. ஒரு சிப்பாயின் டைரியில் பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. ‘அவர் சிந்திய ரத்தம்’ என்று அட்டை எழுதிக் கண்காட்சியில் வைக்க இருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? “சார், அது டீ” என்றேன்.

தலைமை ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “எதை வச்சும்மா சொல்றீங்க?”

“நடுவுல வெளுத்து ஓரத்துல கோடு கட்டியிருக்கு சார். ரத்தம் இப்படிக் காயாது. எங்கப்பா சலவைக்கடை வச்சிருக்கார்.”

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பழைய தாள்களைப் பைண்டிங் செய்யும் அக்காதான் ஒட்டிக்கிடந்த அடுத்த தாளை மெல்லப் பிரித்தார். உள்ளே சிப்பாயே எழுதியிருந்தார்: “கிடைத்த ஒரு குவளைத் தேநீரையும் கொட்டிவிட்டேன். குண்டு விழுந்தபோது அழாதவன், இதற்கு அழுதேன்.”

இப்போது அட்டையில் அந்த வரிதான் இருக்கிறது. “அப்பாவுக்கு நன்றி சொல்லுங்க” என்றார் ஆய்வாளர். என் நன்றியும் சேர்த்தி. கடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நாட்களுக்கு மன்னித்துவிடுங்கள்.

இங்கே டைரிகளின் தூசி துடைக்கப் பழைய பருத்தித் துண்டு ஒன்று அனுப்புங்கள், நம் கடையில் துவைத்ததாக. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்

பின்குறிப்பு: கடிதத்தில் ஒரு சொட்டு டீ சிந்தினாலும் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதுகிறீர்களாமே, அம்மா சொன்னாள். இனிமேல் கறையோடேயே அனுப்புங்கள் அப்பா.