பாலிசியில் உள்ளபடி கணவன்

கொளச்சல்
02.07.2025

ஸ்மிதாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பதால் தபால். விவாகரத்து மனுவில் இரண்டு பேரும்தானே கையெழுத்துப் போட்டோம்? இரண்டு வாய்தாவுக்கும் நாகர்கோவில் கோர்ட்டு வராந்தாவில் நான் மட்டும் நின்றேன். ஆகஸ்ட் 18 கடைசி வாய்தா. அன்றும் நீ வராவிட்டால் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசரை அப்படியே போட்டுவிட்டு எத்தனை நாள் அலைய? கண்டிப்பாக வா. முடித்துவிடுவோம்.

ஜெனின்

பெங்களூரு
09.07.2025

அன்புள்ள ஜெனினுக்கு,

சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். குடல் எப்படி இருக்கிறது? எரிவுள்ள மீன்கறியை இன்னும் விடவில்லை என்று உங்கள் அண்ணன் வீட்டு டெல்சி மைனி சொன்னார்.

வராததற்குக் காரணம் ஒன்றுதான். தீர்ப்பு வந்தால் என் கம்பெனி இன்சூரன்ஸிலிருந்து உங்கள் பெயர் போய்விடும். எச்.ஆரில் கேட்டுவிட்டேன். எட்டு வாரத்துக்கு ஒருமுறை குடலுக்கு அந்த ஊசி. கைக்காசில் எத்தனை போடுவீர்கள்? உங்கள் பெயரில் தனியாக ஒரு பாலிசி எடுங்கள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

லிஜின் காத்திருக்கிறான், உங்களுக்கும் தெரியும். எங்கள் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தாயிற்று. மூன்றாம் முறை எந்த முகத்தோடு சொல்ல? இதைப் பாசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஸ்மிதா

கொளச்சல்
22.07.2025

ஸ்மிதாவுக்கு,

இதை உன்னிடம் நான் கேட்டேனா? படித்ததும் கோபம்தான் வந்தது. மறுநாளே பாலிசிக்கு அலைந்தேன். இரண்டு கம்பெனி, நோயின் பெயரைப் பார்த்ததுமே முடியாது என்றன. மூன்றாவது தருமாம், ஆனால் குடலுக்கு மூன்று வருடம் கழித்துத்தான். பிளாண்டில் ஆறே பேர், இ.எஸ்.ஐ. கிடையாது. அரசு காப்பீட்டுக்கு என் சம்பளம் அதிகம். வயது முப்பத்திரண்டு. கம்ப்ரசரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிறேன், ஊசி கிடைத்துக்கொண்டிருக்கும்வரை.

நேற்று ஊசி நாள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் ஜெஸ்பின் என்றொரு பெண் இருக்கிறாள். "அண்ணா, இது அக்காளுக்க பாலிசியில்லா? ஒருக்காகூட ஆளக் காணல்லியே. சொகமா இருக்காவளா?" என்று கேட்டாள்.

"சொகம்" என்றேன்.

படிவத்தில் உறவு என்ற இடத்தில் கணவன் என்று எழுதினேன். யோசிக்கக்கூட இல்லை. அதுதான் கேவலம்.

பதினெட்டாம் தேதி வராதே. நானும் போகமாட்டேன். லிஜினிடம் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

பாலிசியில் உள்ளபடி கணவன்,
ஜெனின்