மரமறுக்குற மிஷினுக்குப் பூசின விபூதி

உ
கபிலர்மலை முருகன் துணை

புதுச்சத்திரம்
துந்துபி வருசம், கார்த்திகை 5

என்ற சாமி வெள்ளியங்கிரிக்கு உன்ற பெரியம்மா சென்னியம்மாள் எழுதறது. இங்க நானும் உங்க பெரியப்பாவும் எருமையும் கன்னும் முருகன் கண்ணத் தொறந்து பாத்துட்டு இருக்கறதுனால சுகமா இருக்கறோம், நீ அந்தக் கடலுக்கு அக்கட்டால வயிறு நெறையத் தின்னுட்டு காச்சல் கீச்சல் இல்லாம இருக்கறயான்னு நாலு வரி எழுதிப் போடு, அப்பத்தான் எனக்கு மனசு அடங்கும். மத்த சேதியெல்லாம் அப்பறம். மொதல்ல இதக் கேட்டுக்க. பெரியப்பா எழுதுன கடுதாசி ஒண்ணு உனக்கு வரும், வந்திருந்தாலும் வந்திருக்கும், மேல வெலாசம் கோழி கீச்சுன மாதிரி இருக்கும். அதைப் பிரிக்காத. அப்படியே அடுப்புல வெச்சுரு. பிரிச்சுப் படிச்சுட்டயின்னா, அதுல இருக்கற ஒவ்வொரு வார்த்தைக்கும் காரணம் நாந்தான், அந்த மனுசனில்லை, அதைச் சொல்றதுக்குத்தான் முட்டி வலியோட உக்காந்து இவ்வளவு நீளத்துக்கு எழுதறேன்.

நீ போன தை மாசம் ஆள்கிட்டக் குடுத்தனுப்புன மரமறுக்குற மிஷின் வந்தப்போ உங்க பெரியப்பா அதைத் தொடவே இல்லை. மூணு வருசத்துக்கு முந்தி நீ வெள்ளாமைக் காட்டை உட்டுப்போட்டு மலேசியா மரக் கம்பெனிக்குப் போறேன்னப்போ, இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன வாயாச்சே, ஒடனே கை எப்படி நீளும். மூணு நாள் சாக்குக்குள்ளயே கெடந்துச்சு. நாலாம் நாள் நான் தண்ணிக்குப் போயிட்டு வாரேன், மனுசன் அதை மடியில போட்டுக்கிட்டு பச்சக் கொழந்தையத் தொடைக்கற மாதிரி தொடைச்சுட்டு இருக்கறாரு. என்னையப் பாத்ததும், எலி கடிச்சிருக்குதான்னு பாத்தேன்னாரு. இரும்பை எந்த ஊரு எலி கடிக்குது. ஆடியில ரெண்டு வேல மரத்தை அறுத்துத் தள்ளிட்டு வாரவன் போறவனையெல்லாம் நிறுத்தி, எம்பட பையன் அனுப்புனதுன்னு அதைக் கெளப்பற கயித்தை இழுத்து இழுத்துக் காட்டுனாரு. எம்பட பையன்னு அந்த வாயில மூணு வருசங் கழிச்சு வந்துச்சு சாமி, நான் அன்னைக்கே கபிலர்மலையானுக்கு நெய் வெளக்குப் போட்டேன்.

அதோட சும்மா இருந்திருக்கோணும். இருந்தனா? ஆயுத பூசைக்கு மம்பட்டி, அருவா, மோட்டாரு, ரேடியோப்பொட்டி அல்லாத்தையும் வரிசையா வெச்சு, நடுவுல உன்ற மிஷினை ராசா மாதிரி உக்கார வெச்சேன். மம்பட்டிக்கு மூஞ்சி தெரியும், அருவாளுக்குத் தெரியும், இதுக்கு எது மூஞ்சின்னு எனக்குத் தெரியல. மேல ஒரு எடத்துல சல்லடையாட்டம் கீத்துக் கீத்தா இருந்துச்சு. செரி இதுதான் நெத்தின்னு முடிவு பண்ணி சந்தனத்தைக் கொழைச்சு அப்பி, அது மேல பழனி விபூதியை அள்ளிப் பட்டையடிச்சேன். நீ அனுப்புனதாச்சேன்னு மத்ததுக்கெல்லாம் ஒரு கிள்ளு, இதுக்கு மட்டும் ரெண்டு கை. சங்கிலியில பல்லுப் பல்லா இருந்துச்சா, எலுமிச்சம்பழம் குத்தறதுக்குன்னே செஞ்ச மாதிரி, ஒம்போது பழத்தை வரிசையாக் குத்தி உட்டேன். பக்கத்துக் காட்டுக் கண்ணாத்தாள் வந்து பாத்துட்டு, ஏனுங்கக்கா, மாரியாத்தாளே மிஷினா வந்து உக்காந்த மாதிரி இருக்குதுன்னா. எனக்குத் தலை கால் புரியல. பூசை முடிஞ்சு பத்து நாள் அந்தக் கோலத்துலயே சாமி மூலையில வெச்சிருந்தேன், திஷ்டி படாம இருக்கட்டும்னு.

அப்பறம் ஐப்பசிக் கடைசியில அடிச்ச காத்து மழையில நம்ம இட்டேரிப் பாதையில இருந்த பெரிய வாகை மரம் வேரோட சாஞ்சு குறுக்கால உழுந்துருச்சு. கப்பக்கெழங்கு பூராவும் புடுங்கி மேட்டுல குமிச்சாச்சு, ஜவ்வரிசி மில்லுக்கு ஏத்த லாரி சொல்லியாச்சு, லாரி உள்ள வாரதுக்குப் பாதை இல்லை. ரெண்டு நாள் போனா கெழங்கு கருத்துரும், உனக்குத் தெரியாததா. பெரியப்பா பயப்படவே இல்லை, எம்பட பையன் மிஷின் இருக்கற வரைக்கும் வாகையாவது கீகையாவதுன்னு தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. கயித்தை இழுத்தாரு, இழுத்தாரு, ஊரே வந்து பாக்கற வரைக்கும் இழுத்தாரு. அது பொர்ருங்குது, செத்துப் போவுது. சங்கிலி வேற துருப்புடிச்சிருந்துச்சு, அது எலுமிச்சம்பழத்துப் புண்ணியம். மழைத் தண்ணி பட்டிருக்கும்னு அதைக் கழட்டி எண்ணெயில ஊறப்போட்டு மறுக்காலும் மாட்டுனாரு. அப்பவும் எந்திரிக்கல. கண்ணாத்தாள் ஊட்டுக்காரன் ஓரமா நின்னுக்கிட்டு, மலேசியாவுல தூக்கிப் போட்டதை நம்ம மாமனுக்கு அனுப்பிட்டான் பாருங்கன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்துச்சு. பெரியப்பா ஊட்டுக்கு வந்த வேகத்துல உக்காந்து, உன்ற ஓட்டை மிஷினும் வேண்டாம் நீயும் வேண்டாம், நான் செத்தாலும் வராதேன்னு எழுதித் தபால்ல போட்டுட்டு வந்துதான் சோறு தின்னாரு. செவுத்துல சாஞ்சுக்கிட்டு, பையன் என்னையப் பழி வாங்கிட்டான் புள்ளேன்னாரு. அந்த மூஞ்சியை நீ பாக்கோணும்.

அடுத்த நாள் லாரிக்காரன்கிட்டத் தவணை கேக்கறதுக்கு அவரு போன நேரத்துல நான் மெயின் ரோட்டுல மொபெட்டு ரிப்பேரு பாக்கற வேலுமணியக் கூட்டிட்டு வந்தேன். அவன் மின்ன கெணத்துக்கு போர் போடற வண்டியில வேலைக்கு இருந்தவன், எந்த இஞ்சினும் அவனுக்குக் கையடக்கம். மொதல்ல டேங்கியத் தொறந்து மோந்து பாத்துட்டு, ஏனுங்க பெரியம்மா, ஆடி மாசத்துப் பெட்ரோலை ஐப்பசி வரைக்கும் வெச்சிருந்தா அது கெட்டுப்போன மோரு மாதிரிங்கன்னு கீழ ஊத்தச் சொன்னான். புதுப் பெட்ரோல்ல, மிஷினோட வெச்சனுப்புன சீட்டுல நீ எழுதுன மாதிரியே லிட்டருக்கு நாப்பது மில்லி ஆயிலு, என்ற இருமல் மருந்து மூடியில அளந்து கலந்தோம். எந்திரிக்கல. பொறி போடற பிளக்கைக் கழட்டுனான், கரிப்புடிச்சு நனைஞ்சு கெடந்துச்சு. தொடைச்சு, இரும்புல ஒட்ட வெச்சுக் கயித்தை இழுத்தான், பொறி நல்லாப் பறந்துச்சு. பொறி இருக்குது, பெட்ரோல் இருக்குது, காத்துத்தான் போவல போலங்கன்னு சொல்லிட்டு அந்தச் சல்லடை மூடியக் கழட்டுனான். உள்ள இருந்த வடிகட்டியக் கையில எடுத்துத் தட்டுனான். கொட்டுச்சு பாரு விபூதி, கோயில் உண்டியக் கவுத்த மாதிரி. அதுல ஒரு விரலைத் தொட்டுத் தன்னோட நெத்தியில இட்டுக்கிட்டு, இஞ்சினுக்கு மூக்குல துன்னூறு வெச்சது இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தானுங்கன்னான். மூக்கா அது. நெத்தின்னு நெனச்சேனே முருகா.

சட்டுனு அவன் கையப் புடிச்சுக்கிட்டு, பெரியப்பாகிட்டக் கொளவி கூடு கட்டியிருந்துச்சுன்னு சொல்லீரு சாமின்னு கெஞ்சுனேன். விபூதியக் கொளவின்னு சொன்ன பாவத்துக்கு அஞ்சு செவ்வாக்கெழமை ஒரு பொழுதுதான் சாப்பாடுன்னு வேண்டியிருக்கறேன், அந்தப் பாவத்துலயும் முருகனுக்குப் பாதிப் பங்கு உண்டு, அவன் விபூதிதான அது. வடிகட்டிய சோப்புத் தண்ணியில அலசி நல்லா ஒணத்திப் போட்டு, ரெண்டு இழுப்பு, மூணாவது இழுப்புல ஊளையுட்டுக்கிட்டு எந்திரிச்சுது. சத்தங் கேட்டு பெரியப்பா இட்டேரியில செருப்பில்லாம ஓடியாறாரு.

கதை முடிஞ்சுதுன்னு பாத்தா, மரத்து மேல வெச்சா பொகையுது, கருகற வாசம் அடிக்குது, ஒரு நூலு கூட அறுக்கல. வேலுமணி நிறுத்திட்டுப் பாத்தான், மேல ஓடற பல்லு முன்னால பாக்கோணுமாம், இது நம்ம பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. சங்கிலிய மாட்டுனது ஆருங்கன்னான். பெரியப்பா மானத்தைப் பாத்துட்டு, மழை வரும் போல இருக்குதுன்னாரு. சுள்ளுன்னு வெயிலு அடிக்குது. அப்பறம் சங்கிலியத் திருப்பி மாட்டி, கையில இழுத்தா நவுரோணும் தொங்கக் கூடாதுன்னு முறுக்கி, வட்ட அரத்துல பல்லுக்கு மூணு இழுப்பு எண்ணி எண்ணித் தீட்டி, பொழுது சாயறதுக்குள்ள வாகையத் துண்டு துண்டாப் போட்டாங்க. கெழங்கு கருக்கல, மில்லுக்குப் போயிருச்சு. கண்ணாத்தாள் ஊட்டுக்காரன் அடுத்த நாளே வந்து, மாமா, எங்க காட்டுலயும் ஒரு வேல மரம் இருக்குதுங்கன்னு பல்லக் காட்டிட்டு நின்னான். வேலை இருக்குது பாக்கலாம்னு தொரை மாதிரி சொல்லி அனுப்பிட்டாரு.

மிஷின் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சு எட்டு நாளாச்சு, கடுதாசியப் பத்தி மட்டும் வாயத் தொறக்கல. தபால்காரன் வந்தா மட்டும் எருமைக்குத் தண்ணி காட்டப் போயிக்கறாரு. நான் இப்ப எழுதிட்டு இருக்கறதப் பாத்துட்டு ரெண்டு தடவை குறுக்கால நடந்தாரு. மூணாந் தடவை நின்னு, அந்தப் பக்கமாப் பாத்துக்கிட்டே சொல்றாரு, வரும்போது சங்கிலி ஒண்ணும் பிளக்கு ஒண்ணும் வாங்கியாரச் சொல்லு, காத்து வடிகட்டி மட்டும் ரெண்டு, இந்த ஊட்டுக் கொளவிக்குப் பக்தி சாஸ்தின்னு. பேனாவக் கீழ வெச்சுட்டேன். எப்ப இருந்து தெரியுமுங்கன்னு கேட்டேன், சந்தன வாசத்தோட எந்தக் கொளவி கூடு கட்டுதுன்னுட்டுப் போயிட்டாரு. நீ அதை உடு சாமி. வரும்போதுன்னாரு. உனக்குக் கேட்டுதா, வரும்போதுன்னு சொன்னாரு.

பங்குனித் தேருக்குள்ள லீவு கேட்டுப் பாரு. நீ அந்த மிஷின் புடிக்கையில காதுல பஞ்சு வெச்சுக்க, கண்ணுக்குக் கண்ணாடி போடு, வேட்டி கட்டிக்கிட்டுக் கிட்டப் போவாத, சனிக்கெழமை எண்ணெ தேச்சுக் குளி. நூறு வருசம் நல்லா இருப்ப, கபிலர்மலையான் உன்ற கையும் காலும் பத்தரமாப் பாத்துக்குவான். வடிகட்டி ரெண்டு, மறந்துராத.

இப்படிக்கு
உன்ற வரவை எதிர்பாத்துட்டு இருக்கற பெரியம்மா
சென்னியம்மாள்