கடை போர்டில் என் மீசை

செவ்வாய், இரவு.

காட்டாங்குளத்தூரில் டிசைன் படித்து முடித்த மகள் முதன்முதலாக வரைந்தது என் மாவுக்கடை போர்டுக்கான எழுத்து. வட்டமும் நேர்கோடும், எல்லாம் ஒரே தடிமன். எனக்கு ஆஸ்பத்திரி போர்டு மாதிரி பட்டது. அவளுக்குத் தெரியாமல் ஃபிளெக்ஸ்காரரிடம் நிழல், தங்க பார்டர், ஓரத்தில் என் போட்டோ எல்லாம் சேர்க்கச் சொன்னேன்.

இன்று போர்டு ஏறியது. மகள் என்னை எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனாள்.

"இங்கேர்ந்து படிப்பா."

மீசைதான் பளிச்சென்று தெரிந்தது.

"பஸ்ல போறவங்க படிக்கணும்னுதான் அப்படி வரைஞ்சேன். இப்போ மீசைக் கடைன்னு நெனைப்பாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கே உன் எழுத்தை மாட்டிடலாம்மா."

"ஃபிளெக்ஸ்காரர்கிட்ட நீ வேணாம். நானே போறேன்."

நியாயம்தான். போட்டோவை மட்டும் சின்னதாக ஓரத்தில் வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.