லைபிஷைக் காட்டுமிராண்டி என்றே எழுது

புரூக்ளின்

அன்பு மகள் ரெய்ஸலுக்கு அம்மா எழுதுவது. மேலே இருப்பவன் கருணையில் எனக்கும் உன் அப்பாவுக்கும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, சிகாகோ குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் பழைய யூதச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நீ பத்திரிகையில் எழுதியதை ஜெபக்கூடத்தில் எல்லாரும் படித்துவிட்டார்கள், எனக்குப் பெருமைதான், ஆனால் பெர்ல்முட்டர் கடையில் பரிமாறும் லைபிஷுக்கு வாய்தான் கத்தி, உள்ளே வெண்ணெய் மனசு என்று எழுதினாயே, அங்கேதான் வந்தது வினை. இறைச்சியோடு பால் பொருள் சேரக் கூடாது என்பது நம் சட்டமாயிற்றே, இறைச்சி பரிமாறுகிறவரிடம் வெண்ணெயைக் கொண்டுபோய் வைக்கலாமா, உன்னை அப்படியா வளர்த்தேன்?

இப்போது அவர் என்ன திட்டினாலும் ஜனங்கள் சிரிக்கிறார்கள். சூப் ஆறிவிட்டது என்ற ஒரு பெண்மணியிடம், நீ பேசி முடிக்கிறவரைக்கும் அது கொதிச்சுக்கிட்டா இருக்கும் என்றிருக்கிறார், அவளோ தங்கமான மனுஷன் என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து மனிதர் தட்டை வைத்து, சாப்பிடுங்க என்கிறார். சாப்பிடுங்கவாம்! இழவு வீடு மாதிரி இருக்கு என்று உன் அப்பாவே பாதியில் எழுந்து வந்துவிட்டார். லைபிஷ் வேலையை விட்டுவிட்டு மயாமியில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டார். மனைவி போனபின் அந்தக் கடைதானே அவருக்கு எல்லாம், தங்கை வீட்டில் யாரைத் திட்டிப் பிழைப்பார்?

நீ கெடுத்ததை நான்தானே சரிசெய்ய வேண்டும். செவ்வாய் மத்தியானம் கடை நிரம்பியிருந்த நேரம் போய் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பாஸ்ட்ராமி இறைச்சி குடுங்க, ரை ரொட்டி வேண்டாம், வெள்ளை ரொட்டியில, கடுகு வேண்டாம், மயோனைஸ் தடவி என்றேன். பாஸ்ட்ராமியை ரை ரொட்டியும் கடுகு விழுதும் இல்லாமல் கேட்பது அந்தக் கடையில் தெய்வக்குற்றம், ஆனாலும் இதில் பாவம் ஒன்றுமில்லை, கேட்டேனே தவிர தின்பேன் என்று சொல்லவில்லை. லைபிஷ் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. உன் சமையலைத் தின்னும் உன் புருஷன் உயிரோட இருக்கானே, அவனல்லவா ஞானி, எங்கம்மா கல்லறையில எந்திரிச்சு உக்காந்திருப்பா, எந்திரி யேட்டா, இனி இந்த வாசப்படி ஏறினே, பாத்துக்கோ என்று பிடித்துக்கொண்டார். ஒருவர் சிரிக்க வேண்டுமே! மூலையில் ஒரு கிழவர் என் சூப் எங்கய்யா என்றதற்கு, ஏன், ரயிலுக்கு நேரமாச்சா என்று அவரையும் விடவில்லை. மயாமி பேச்சு அத்தோடு போயிற்று.

எனக்கு மட்டும் கடைக்குள் போக வழியில்லை. நேற்று லைபிஷ் உன் அப்பாவிடம், அந்தப் பைத்தியக்காரிகிட்ட குடு என்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். ரை ரொட்டி, கொழுப்போடு பாஸ்ட்ராமி நடுத்துண்டு, கடுகு, எனக்குப் பிடித்த அரைப்புளிப்பு வெள்ளரி ஊறுகாய்.

ஆண்டவன் உன்னைக் காக்கட்டும், வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறக்காதே. பொட்டலத்தைப் பற்றி மட்டும் பத்திரிகையில் ஒரு வரி வந்ததோ, நானே ரயிலேறி வருவேன்.

உன் அம்மா,
யேட்டா