பதினாறில் பன்னிரண்டு

இன்று காலை மகனின் பட்டறையில் ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய ஸ்பேனர்களை ஊறப்போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அம்பத்தூரின் இரைச்சலெல்லாம் அடங்கி, ஆவடியின் அந்தத் தகரக் கொட்டகை கண் முன்னால் வந்து நின்றது. நீ லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறாய். கால் மட்டும் வெளியே தெரிகிறது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. காரியத்துக்கு வந்தபோது உன் மனைவியிடம் ஒன்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உனக்கே எழுதிவிடுகிறேன்.

அது வெள்ளைக்காரன் காலம், சண்டை நடந்துகொண்டிருந்தது. மேனாம்பேட்டில் எங்கள் நிலம் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்ததால், ராணுவ லாரி பழுது பார்க்கும் பட்டறைக்கு வேலை பழக வந்தேன். நீ திருவேற்காட்டுப் பக்கத்திலிருந்து அதே வேலை பழக வந்தவன். எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு நாற்று நடுகிற குடும்பம். ஊரில் என்றால் நாம் அருகருகே உட்கார்ந்திருக்கவே முடியாது. லாரிக்கு அடியில் அதைக் கேட்க ஆளில்லை.

பரீட்சையில் தேறினால் ஃபிட்டர், தேறாவிட்டால் ஊருக்கு. எனக்குப் பின்னம்தான் எமன். பள்ளியில் பின்னம் வருவதற்குள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டவன் நான். இரும்பு ஸ்கேலில் ஓர் அங்குலத்தைப் பதினாறு கோடாகப் பிரித்திருப்பார்கள். நட்டை அளந்தால் பதினாறில் பன்னிரண்டு என்று வரும். எந்த ஸ்பேனரிலும் அந்த எண் இருக்காது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து நட்டின் முனையையெல்லாம் மழுக்கிவிடுவேன்.

"இன்னாடா, நட்ட துன்னு வெச்சிகிற?" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் கத்தினார். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் லாரிக்கு அடியிலிருந்து கூப்பிட்டாய். "நைனா, கண்ணுல தூசி வியுந்துட்ச்சி. கோடே தெரியல. நீ அளந்து சொல்லேன்."

நானும் பக்கத்தில் படுத்து அளந்தேன். "பதினாறுல பன்னண்டு."

"ரெண்டுமே ரெட்டப்பட தானே? ரெண்டையும் பாதியாக்கு."

"எட்டுல ஆறு."

"இன்னும் ரெட்டப்படையாத்தான் கீது. இன்னொரு தபா."

"நாலுல மூணு."

"மூணு ஒத்தப்பட. இனிமே பாதி ஆவாது, நிறுத்து. அதான் முக்கால். முக்கால் ஸ்பேனர எடுத்துக்கினு வா."

எடுத்து வந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. "பதினாறுல பன்னண்டும் முக்காலும் ஒன்னா?" என்று கேட்டேன். "ஒன்னுதான். பேருதான் சின்னதாச்சு, நட்டு அதே நட்டுதானே" என்று சிரித்தாய்.

அதற்குப் பிறகு உன் கண் சரியாகவே இல்லை. தினமும் நான் அளந்தேன், நீ கேட்டாய், நான் பாதியாக்கிக்கொண்டே போனேன். பதினாறில் எட்டு அரையானது. பதினான்கு, எட்டில் ஏழோடு நின்றது. உன் கண்ணை நினைத்து வருத்தப்பட்டு வீட்டில் சொன்னேன். அம்மா கண்ணில் வைத்துக் கட்டச் சொல்லி நந்தியாவட்டைப் பூ பறித்து இலையில் மடித்துக் கொடுத்தாள். சேரிப் பையனுக்கா என்று கேட்காமல் கொடுத்தாள். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

பரீட்சை அன்று என்னைவிட உனக்காகத்தான் பயந்தேன். வெள்ளைக்கார சார்ஜன்ட் என் முன்னால் ஒரு நட்டை வைத்தார். அளந்தேன், பதினாறில் பத்து. மனசுக்குள் பாதியாக்கினேன். எட்டில் ஐந்து, ஐந்து ஒற்றைப்படை. அந்த ஸ்பேனரை எடுத்து மாட்டினேன். சார்ஜன்ட் தலையசைத்தார்.

அடுத்து நீ. உன்னிடம் வேறொரு ஸ்கேலைக் கொடுத்தார், மயிரிழை போல முப்பத்திரண்டு கோடு போட்டது. இருட்டு மூலையில் நின்றபடி ஒரே பார்வையில் படித்துச் சொன்னாய். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன். "உன் கண்ணுக்கு ஒன்னுமே இல்லியா?"

"நேரா சொல்லிக் குடுத்தா உனுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு தோணிச்சி, நைனா. கண்ணு மேல பயிய போட்டேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பூவெல்லாம் எங்கம்மா சாமிக்கு வெச்சிச்சி" என்றாய்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரயிலடி வரைக்கும் உன் தோளில் கை போட்டுக்கொண்டே வந்தேன். எதிரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். கையை எடுக்கவில்லை.

அந்த ஃபிட்டர் வேலைதான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஆனால் உனக்கு நன்றி சொல்ல நினைத்தது அதற்காக மட்டும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தவன் நான். இப்போது பக்கத்தில் இருப்பவர் யாரானாலும், எந்த வயதானாலும், "இது எனக்குத் தெரியல, கொஞ்சம் சொல்லுப்பா" என்று கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது முகம் சுருங்குவதில்லை.