ராணிப் புழுவின் கூழ்

தங்கச்சி,

இன்று காலை இலத்தூர் தோட்டத்தில் தேன்பெட்டியைத் திறந்தேன். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கிய ராணி அறையை நகத்தால் கிள்ளியதும் அந்தப் புளிப்பு வாடை வந்துவிட்டது. நீ கட்டிலில் படுத்தபடி முகத்தைச் சுளித்தது ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. ஞாபகம் மட்டும்தான் வந்தது.

இந்தத் தாலுகாவிலேயே ராணிக் கூழை முதன்முதலில் கண்ணால் கண்டவன் நான்தான். ஐந்தருவிப் பாதையில் என் தேன்கடைக்கு வராத பெரிய மனுசன் கிடையாது. ஒரு வெள்ளைக்காரர் என் கூழ்க் குப்பியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். "மரியாதையாம்லா! அந்த மனுசன் தலையச் சொறிஞ்சிருப்பாரு" என்று நீ சொன்னாய். அந்தக் கதையில் இப்போது இரண்டு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். குறுக்கே கேட்க ஆளில்லை.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனாலும் தேனீ வளர்ப்பு ஆபீசர் சொன்னதை அவரைவிட நன்றாகச் சொல்லுவேன். ராணிக்கும் வேலைக்காரிக்கும் முட்டை ஒன்றுதான். கூட்டிலுள்ள இளம் தேனீக்களுக்குத் தலைக்குள் ஒரு பால் சுரக்கிறது. எல்லாப் புழுவுக்கும் முதல் மூன்று நாள் அதுதான் ஆகாரம். அப்புறம் வேலைக்காரிக்குத் தேனும் பூந்தூளும் பிசைந்த சோறு; ராணியாகப் போகிறவளுக்கு மட்டும் கடைசிவரை அதே கூழ். அவள் வருஷக்கணக்கில் இருப்பாள். மற்றவள் சில வாரத்தில் சிறகு கிழிந்து விழுவாள். எல்லாம் கூழிலுள்ள புரதம் செய்கிற வேலை என்றார் ஆபீசர். முட்டையிலும் பருப்பிலும் இருக்கிற சத்துதான், ஆனால் இது தனிச் சாதி.

செங்கோட்டை திருவாங்கூரோடு இருந்த காலத்தில் உன்னை அங்கே கட்டிக்கொடுத்தோம். மூன்றாவது பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு நீ என் வீட்டுக்கு வந்தபோது உன் வளையல் முழங்கை வரை ஏறியது. தென்காசி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, தேறுவது கஷ்டம் என்றார். "நான் தேத்திக் காட்டுதேன் பாருங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் குப்பியை உன் மதினியிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். பிள்ளை பெற்றவளுக்கு எதையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாதென்று அவள் அதைப் பூண்டுப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டாள். கூழ் முட்டை வெள்ளை மாதிரித் திரிந்து மிதந்தது.

"ஏட்டி, புரதம் செத்துப்போச்சே!" என்று கத்தினேன்.

"செத்தது யாருன்னு சொல்லிட்டு அழுங்க" என்றாள் அவள். நீ இருமல் வரும்வரை சிரித்தாய்.

மறுபடியும் கூழ் வேண்டுமே. ஒரு பெட்டியிலிருந்து ராணியைப் பிடித்து அகற்றினேன். ராணி இல்லாத கூடு பதறிப்போய்ப் புது ராணி அறைகளைக் கட்டும். அவற்றைச் சுரண்டினால் அறைக்கு ஒரு துளி. குப்பியைச் சூடு படாமல் ஈர மணல் சட்டியில் புதைத்து எடுத்து வந்து, கடையில் சொல்லுகிற கதை முழுவதையும் உனக்குச் சொன்னேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய்.

"அண்ணே, அப்பம் முட்டை ஒண்ணுதான்?"

"ஒண்ணுதான்."

"தீனிதான் வேற?"

"அதான சொல்லுதேன்."

"அப்பம் நம்ம வீட்லயும் அதான நடந்துருக்கு. ஒனக்குக் கோழி முட்டை, எனக்குப் பழயசோத்து நீத்தண்ணி. நான் பெரிய மனுசியானப்பம் பதினாறு நாளு பச்சமுட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் குடுத்தாவ. அம்புட்டு நாளும் நான் ராணி. பதினேழாம் நாளு சாணி அள்ளப் போயிட்டேன்."

நீ கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்கிற மாதிரிச் சொன்னாய். எனக்கு எதற்கும் பதில் உண்டே. "இப்பம் தின்னாலும் கேக்கும்ட்டி" என்றேன்.

"மூணு நாளு தாண்டிட்டா அப்புறம் வேலைக்காரிதான்னு நீதான சொன்ன? எனக்கு முப்பது வருசம் தாண்டிட்டு." பிறகு வாயைத் திறந்தாய். "சரி, ஊத்து. நீ மெனக்கெட்டதுக்காவ."

அந்த வருஷம் சாரல் தொடங்குமுன் போய்விட்டாய். காரியம் முடிந்து ஐந்தருவியில் போய் நின்றேன். தண்ணீர் தலையில் விழுகிற சத்தம் கேட்டது, அடி உறைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என்னை வெளியே இழுத்து, "அண்ணாச்சி, ஒதடெல்லாம் நீலமாப் போச்சு" என்றார். குளிர்ந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடையில் வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. வெள்ளைக்காரர் கதைக்குக் கூட்டம் சிரிக்கிறது. யாராவது கூழ் கேட்டால் தீர்ந்துபோச்சு என்கிறேன். தீரவில்லை.

உன் கடைக்குட்டி எங்களிடம்தான் வளர்கிறாள். ஐந்து வயசு. நேற்று மீன் குழம்பு. நடுத்துண்டு என் தட்டிலும் வால் அவள் தட்டிலும் விழுந்தது. என் துண்டை எடுத்து அவளுக்கு வைத்தேன்.

"நடுத்துண்டு ஆம்பளையளுக்கு மாமா" என்று திருப்பி வைத்தாள்.

அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் முள்ளை எடுத்துவிட்டு, வாயைத் திற என்று ஊட்டினேன். மென்றுகொண்டே உன் மதினியை ஓரக்கண்ணால் பார்த்தாள், திட்டு விழுமோ என்று.

அந்தப் பார்வையைத்தான் இன்று பூராவும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். நாளைக்கும் ஊட்டுவேன்.

உன் அண்ணன்